வாழைப் பால் தெளியும்வரை

முள் மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் எட்டாம் எண்ணில் நின்ற முள் அது. இப்போது ஐந்துக்கு வந்துவிட்டது. ஓலிந்தா ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். கால் மாற்றி நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் பார்த்தால் ஐந்தரையாகத் தெரியுமோ என்றும் பார்த்தாள். ஐந்துதான்.

"கொஞ்சம் ஆடாம நில்லு டி," என்றாள் அம்மா நார்சிசா. "உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

பதினொரு வயது ஓலிந்தாவால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. முன்பெல்லாம் முடிந்தது. போன மழைக்காலத்தில் அப்பா இறந்துபோன பிறகுதான் அவள் கால்களுக்கு இந்தப் பழக்கம் வந்தது. சாப்பிடும்போது ஆடும். படிக்கும்போது ஆடும். தூக்கத்தில்கூட ஆடும் என்று தம்பி ஹொசுவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். உதை வாங்குகிறவன் அவன்தானே.

முள் நான்கரைக்கு வந்தது.

அந்த முள்ளுக்குச் சொந்தமான இயந்திரம், இரண்டு பள்ளிப் பைகளை அடுக்கி வைத்த அளவுதான் இருக்கும். மச்சாலா நகரத்துக்குப் போகும் சாலையோரம், கூட்டுறவுச் சங்கத்தின் வாழைப்பழப் பெட்டி கட்டும் கொட்டகையில், ஒரு மூலையில் அது உட்கார்ந்திருந்தது. மலை மேல் இருக்கும் ஒரு கல்லூரி அதைச் சோதனைக்காக அனுப்பியிருந்தது. கூடவே எஃப்ராயின் என்ற இளம் இன்ஜினியரையும் அனுப்பியிருந்தது. இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ளச் சங்கம் தேர்ந்தெடுத்த ஆள், ஓலிந்தாவின் அம்மா.

இயந்திரத்தின் வேலை இதுதான். தார் வெட்டியபின் தோட்டத்தில் சாய்த்துப் போடும் வாழைத் தண்டுகளில் பொட்டாசியம் என்கிற சாம்பல் சத்து ஏராளமாக இருக்கிறது. தண்டை நசுக்கிச் சாறு எடுத்து இயந்திரத்துக்குள் விட்டால், அது சாற்றிலிருந்து சத்தைப் பிரித்துத் தனியே ஒரு குழாயில் கொடுக்கும். அதை வாழைக்கே திரும்ப ஊற்றலாம்.

எப்படிப் பிரிக்கும் என்று முதல் நாளே எஃப்ராயின் சொல்லியிருந்தார். இயந்திரத்துக்குள் மெல்லிய சவ்வுத் தாள்கள் ஐம்பது, ரொட்டித் துண்டுகள் மாதிரி வரிசையாக நிற்கும். இரண்டு முனையிலும் மின்சாரம். சாற்றில் கரைந்திருக்கும் சத்து இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒரு கூட்டம் இந்த முனைக்கும் மற்றது அந்த முனைக்கும் ஓடப் பார்க்கும். தாள்களில் பாதி முதல் கூட்டத்தை மட்டும் விடும். மீதிப் பாதி மற்றக் கூட்டத்தை மட்டும் விடும். ஒரு கதவைத் தாண்டி வந்தவர்கள் அடுத்த கதவில் மாட்டிக்கொள்வார்கள். அப்படி மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் சத்து சேர்ந்துவிடும்.

"அப்ப முள்ளு?" என்று ஓலிந்தா கேட்டிருந்தாள்.

"எத்தனை பேர் ஓடறாங்கன்னு முள்ளு சொல்லும். முள்ளு விழுந்தா, கதவு அடச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

மூன்று நாளாக முள் விழுந்துகொண்டே இருந்தது.

"நம்ம வாழைச் சாற வயிறு முட்டக் குடிச்சிட்டு, உண்ட மயக்கத்துல படுத்துருச்சு," என்றார் வில்ஃப்ரிதோ மாமா. பழம் கழுவும் தொட்டியில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். அங்கிருந்தபடியே இயந்திரத்தை ஓரக்கண்ணால் பார்ப்பதும் ஒரு வார்த்தை சொல்வதும் அவருக்கு இப்போது கூடுதல் வேலை. "தாலாட்டு ஒண்ணு பாடுங்க, இன்ஜினியர் தம்பி. ஒரேயடியாத் தூங்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. முள் மூன்றுக்கு வந்ததும் எஃப்ராயின் மின்சாரத்தை நிறுத்தினார்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலைக்குள், வாசலில் இருந்த நீலப் பீப்பாயில் சிவப்புக் கோடு வரைக்கும் சத்துநீர் நிறைய வேண்டும். நிறைந்தால் இயந்திரம் சங்கத்திலேயே இருக்கும். நிறையாவிட்டால் சனிக்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

லாரி இயந்திரத்தை மட்டும் ஏற்றாது என்பது ஓலிந்தாவுக்குத் தெரியும். அப்பா நட்ட தோட்டத்தில் இலைகளெல்லாம் ஓரம் மஞ்சளாகி, நடுவில் ஒடிந்து தொங்கின. சாம்பல் சத்து இல்லாத வாழை அப்படித்தான் ஆகும். உர மூட்டை வாங்க வழியில்லை. இயந்திரம் ஓடாவிட்டால் தோட்டத்தை யாரிடமாவது விட்டுவிட்டு, குவயாகில் நகரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அதை அம்மா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

மதியம் எஃப்ராயின் இயந்திரத்தைப் பிரித்தார். தாள்கள் காய்ந்தால் கெட்டுப்போகும் என்பதால், ஒவ்வொன்றையும் எடுத்து உடனே உப்புத் தண்ணீர்த் தட்டில் போட வேண்டும். தட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை ஓலிந்தாவுக்குக் கிடைத்தது. கால் ஆடியதில் தட்டு ஆடி, தண்ணீர் எஃப்ராயினின் காலணிக்குள் போனதும் அந்த வேலை போய்விட்டது.

ஆனால் அதற்குள் அவள் தாள்களைப் பார்த்துவிட்டாள். வெள்ளையாக இருந்தவை எல்லாம் பழுப்பேறி இருந்தன.

எஃப்ராயின் மெல்லிய தூரிகையால் தேய்த்தார். பாதி போனது, பாதி போகவில்லை. மண்ணாக இருக்கும், இன்னும் நெருக்கமான துணியில் வடிகட்ட வேண்டும் என்றார். அவருடைய பெட்டியில் புதுத் தாள்கள் ஒரே ஒரு தொகுதிதான் மிச்சம். அதுவும் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபோது அவர் மட்டும் போகவில்லை. இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓலிந்தாவுக்குப் பாவமாக இருந்தது. காலணியை வேறு நனைத்திருக்கிறாள். அவித்து இடித்த வாழைக்காய்க்குள் பாலாடைக்கட்டி வைத்துப் பிடித்த உருண்டை ஒன்றை, தன் மதியச் சாப்பாட்டிலிருந்து எடுத்துப்போய் நீட்டினாள்.

அவர் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, இந்த ஊரில் சட்டை துவைக்க என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று கேட்டார். நேற்று துவைத்துப் போட்ட சட்டையில் கறையாம்.

"எதுல ஆச்சு?" என்றாள் ஓலிந்தா.

"அதுதான் தெரியல. நான் காப்பிகூடக் குடிக்கிறதில்ல. நேத்து சாறு தெறிச்சுது. தண்ணி மாதிரி இருந்துச்சேன்னு விட்டுட்டேன். காலைல பாத்தா இப்படி."

வெளிர்நீலச் சட்டை. அதன் நெஞ்சில் பழுப்பாக ஏழெட்டுப் புள்ளிகள்.

ஓலிந்தாவின் கால் ஆடுவது ஒரு நொடி நின்றது. எங்கேயோ பார்த்த நிறம். எங்கே என்றுதான் பிடிபடவில்லை. பிடிபடாத எரிச்சலில் கால் இரண்டு மடங்கு ஆடியது.

சாயங்காலம் வீட்டில் துணி மடிக்கும்போது பிடிபட்டது.

கதவுக்குப் பின்னால், ஆணியில், அப்பாவின் வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுப்பதும் இல்லை, யாரையும் எடுக்க விடுவதும் இல்லை. அப்பா வில்ஃப்ரிதோ மாமாவுடன் அதே தொட்டியில் வேலை பார்த்தவர். சட்டையின் நெஞ்சிலும் கையிலும் ஒரே பழுப்பு. கல்யாணமான புதிதில், கறையைப் போக்குகிறேன் என்று அம்மா வெந்நீரில் ஊறவைத்துக் கறையை இன்னும் அழுத்தமாக்கிய கதையை அப்பா விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஓலிந்தா சட்டையைத் தொடாமல் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். எஃப்ராயின் சட்டையில் இருந்த பழுப்பு. தாளில் இருந்த பழுப்பு.

வாழைக் கறை.

வெட்டியதும் வடியும் வாழைப் பால் முதலில் நிறமே இல்லாமல் இருக்கும். பிறகுதான் பழுப்பாகும். அதனால்தானே சீப்பு சீப்பாக வெட்டிய பழத்தை முதலில் தொட்டியில் மிதக்க விடுகிறார்கள். பால் வடிந்து முடிந்த பிறகே பெட்டியில் அடுக்குவார்கள். அவசரப்பட்டு எடுக்கிறவர்களைப் பார்த்து, "பால் விடட்டும்ப்பா, பெட்டி எங்கயும் ஓடிப் போயிடாது," என்று அப்பா சொல்லுவார்.

இயந்திரத்துக்கு வரும் தண்டுக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை. இந்த ஊரில் எல்லாமே கப்பலைப் பிடிக்கும் அவசரம். காலையில் வெட்டியது மாலையில் துறைமுகத்தில் இருக்க வேண்டும். அதே பழக்கத்தில் தண்டையும் வெட்டின சூட்டோடு நசுக்கி, நசுக்கின சூட்டோடு இயந்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புதுசாக இருப்பதுதான் நல்லது என்று இன்ஜினியருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஓலிந்தா அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அம்மா சட்டைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"பதிமூணு வருஷம் இந்தக் கறையோட மல்லுக்கட்டினேன்," என்றாள். "எனக்குத் தோணலையே டி."

மறுநாள் வியாழக்கிழமை. விஷயத்தைக் கேட்டதும் எஃப்ராயின் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு தட்டிலிருந்த தாளைப் பார்த்தார். மலையில் வாழை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வில்ஃப்ரிதோ மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா பாலுக்குள்ளயே நிக்கிறேன். பழத்துக்குன்னா தெரியும். தண்டுக்கும் அதே பால்தானேன்னு இந்த மண்டையில ஏறல பாரு."

அன்றைய சாற்றை இயந்திரத்தில் ஊற்றவில்லை. கொட்டகையின் பின்பக்கம் கூரைக்கடியில் சும்மா கிடந்த சின்னத் தொட்டியில் ஊற்றினார்கள். பழத் தொட்டிக்குப் போடுவதுபோல ஒரு கைப்பிடி படிகாரம் போட்டார்கள். பழத்துக்கு இருபது நிமிடம். நாம் ஒரு மணி நேரம் விடுவோம் என்றார் வில்ஃப்ரிதோ மாமா தாராளமாக. ஒரு மணி நேரம் கழித்து, தேய்த்துக் கழுவிய பழைய தாள்களைப் போட்டு ஓட்டினார்கள்.

முள் ஏழில் நின்றது. ஓலிந்தா கைகளைக் கோத்துக்கொண்டாள். ஏழு. ஏழு. ஆறரை. ஆறு.

ஐந்தில் எஃப்ராயின் நிறுத்திவிட்டார். முன்பைவிட மெதுவாக விழுந்தது, ஆனால் விழுந்துவிட்டது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. அம்மா கை துடைத்தாள். அவள் மனதில் கட்டிலடிப் பெட்டிதான் ஓடுகிறது என்று ஓலிந்தாவுக்குத் தோன்றியது.

ஓலிந்தா தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நாலு முறை நடந்தாள். ஐந்தாவது முறை நின்றாள்.

"மாமா, பழத்துல பால் எங்கேருந்து வரும்?"

"வெட்டின வாய்லேருந்து. வேற எங்கேருந்து?"

"அந்தக் கட்டைவிரல் அளவு வாய்க்கே இருபது நிமிஷம். நாம தண்டு முழுசையும் நசுக்கியிருக்கோம். அவ்வளவு பாலும் உள்ளதான இருக்கு. ஒரு மணி நேரம் எப்படிப் போதும்?"

வில்ஃப்ரிதோ மாமா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

தொட்டியில் மீதி இருக்கும் சாற்றை நாளைக் காலைவரை விட்டுவிடலாம் என்று அம்மாதான் முடிவாகச் சொன்னாள். எஃப்ராயின் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைப் பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் மாலைக்குள் கோட்டைத் தொடலாம், முள் நடுவில் விழாமல் இருந்தால். கடைசித் தொகுதித் தாள்களைத்தான் போட வேண்டும். ஒரே வாய்ப்பு. யாரும் தொட்டியைக் கலக்கக் கூடாது. அப்போதுதான் கட்டியான பால் மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும், நடுவில் இருப்பது தெளியும்.

"நான் காவல் இருக்கேன்," என்றாள் ஓலிந்தா.

"நீயா?" என்றார் வில்ஃப்ரிதோ மாமா. "நீ உக்காந்தா தொட்டி தானாவே கலங்கிடுமே."

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, கொட்டகையைத் திறக்கும்போதே அவள் வந்துவிட்டாள். மழை தகரக் கூரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தொட்டி இருந்த மேடை பழைய மரப்பலகை. அதில் ஏறி உட்கார்ந்து ஒரு முறை கால் ஆட்டியதுமே தொட்டியின் மேற்பரப்பில் வளையம் வளையமாக அலை வந்தது. ஓலிந்தா திடுக்கிட்டு இறங்கினாள். தரையில் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்போதும் கால் போய்ப் பலகையில் இடித்தது. பெட்டி கட்டும் பட்டை ஒன்றை எடுத்து இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

ஏழரைக்கு ஹொசுவே ஒரு காகிதப் படகோடு வந்தான். தொட்டியில் விட்டே தீருவேன் என்று நின்றான். ஓலிந்தா கட்டிய கால்களோடு தத்தித் தத்திப் போய், ஒரு வாளியில் மழைத்தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். தொட்டி என்பது குளம், வாளி என்பது கடல் என்று சொன்னாள். கடல்தான் வேண்டும் என்று அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

எட்டரைக்கு வில்ஃப்ரிதோ மாமா வந்து, போதுமே என்றார். ஒன்பதுக்கு மறுபடி வந்தார். ஒன்பதரைக்கு ஒரு குச்சியோடு வந்தார். லேசாக ஒரு கிண்டு கிண்டினால் சீக்கிரம் ஆகுமாம்.

"குச்சிய கீழ போடுங்க மாமா."

"ஒரே ஒரு கிண்டு."

"பால் விடட்டும் மாமா. மெஷின் எங்கயும் ஓடிப் போயிடாது."

மாமா குச்சியைக் கீழே போட்டார். யார் சொன்ன வார்த்தை அது என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு கூடையைக் கவிழ்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய காலும் ஆட ஆரம்பித்தது. ஓலிந்தா ஒரு பட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

பதினொரு மணிக்கு அம்மாவும் எஃப்ராயினும் வந்தபோது, ஆளுக்கு ஒரு கூடையில், கால் கட்டிய இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியின் மேலே பழுப்பாக ஏடு தடித்திருந்தது. பக்கவாட்டுக் குழாயைத் திறந்து எஃப்ராயின் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தார். நடுவிலிருந்து வந்த சாறு, கடுந்தேநீர் நிறத்தில், ஆனால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் முகம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

கடைசித் தாள்களைப் போட்டார்கள். அம்மா மின்சாரத்தைக் கொடுத்தாள்.

முள் எழுந்து எட்டில் நின்றது.

பதினைந்து நிமிடம். எட்டு. அரை மணி நேரம். எட்டு. எஃப்ராயின் விரலால் கண்ணாடியைத் தட்டினார், முள் மாட்டிக்கொண்டதோ என்று. மாட்டிக்கொள்ளவில்லை. மதியம் ஒரு மணிக்கு ஏழே முக்காலுக்கு இறங்கியபோது ஓலிந்தா கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். எஃப்ராயின் மின்சாரத்தின் திசையைச் சிறிது நேரம் மாற்றிக் கொடுத்தார். கதவில் சாய்ந்து நிற்பவர்களைப் பின்னால் தள்ளிவிடுவதற்காம். முள் மறுபடி எட்டுக்கு ஏறியது. குழாய் வழியே சத்துநீர் நீலப் பீப்பாய்க்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு அது சிவப்புக் கோட்டைத் தொட்டது. எஃப்ராயின் ஒரு கருவியை உள்ளே விட்டுச் சத்தின் அளவைப் பார்த்தார். போதும் என்று அம்மாவிடம் காட்டினார். அம்மா சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எழுந்திருச்சிருச்சு போல," என்றார் வில்ஃப்ரிதோ மாமா இயந்திரத்தைப் பார்த்து. "நல்ல தூக்கம்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை லாரி வந்தது. எஃப்ராயினையும், ஹொசுவே கொடுத்த காகிதப் படகையும், ஓலிந்தா வீட்டு வாழைக்காய் வறுவல் ஒரு பையையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. இயந்திரம் மூலையிலேயே இருந்தது.

ஆறு பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு சத்துநீர் கலந்து, அப்பா நட்ட வாழைகளின் அடியில் அம்மா, ஓலிந்தா, ஹொசுவே மூவரும் ஊற்றினார்கள். மஞ்சளான இலை பச்சையாகாது. இனி வருகிற இலைதான் பச்சையாக வரும் என்று அம்மா சொன்னாள். ஹொசுவே ஒவ்வொரு வாழையின் உச்சியையும் அண்ணாந்து பார்த்து, வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.

திங்கட்கிழமை காலை அம்மா வேலைக்குக் கிளம்பினாள். கதவுக்குப் பின்னால் போனாள். ஆணியிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்து உதறினாள். அணிந்துகொண்டு, நீளமாக இருந்த கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.

ஓலிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னடி பாக்குற? கறை படுற வேலைக்குப் புதுச் சட்டையா போடுவாங்க?" என்றாள் அம்மா.

கொட்டகையில் நேற்றே ஊற்றி வைத்த சாறு தெளிந்திருந்தது. அம்மா மின்சாரத்தைக் கொடுத்தாள். ஓலிந்தா பக்கத்திலேயே நின்று கவனித்தாள்.

முள் எட்டில் நின்றது. கொஞ்சமும் அசையவில்லை. ஓலிந்தாவின் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதை அம்மா இன்றைக்கு நிறுத்தச் சொல்லவில்லை.